லாஸ் உவெல்காஸ் மடத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினின் வடபகுதியில் இருக்கும் புர்கோஸ் நகரத்துக்குப் போகிறவர்களில் பலர், அங்குள்ள பேராலயத்தைப் பார்த்த கையோடு அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். ஊரின் மேற்கு ஓரத்தில் 1187-இல் தொடங்கிய கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது, சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையைச் சேர்ந்தது. சாந்தா மரியா லா ரியால் தே லாஸ் உவெல்காஸ் என்பது முழுப்பெயர். லாஸ் உவெல்காஸ் என்றால் போதும். அரசர்களின் கல்லறை என்றே வழிகாட்டி நூல்கள் இதை அறிமுகப்படுத்துகின்றன. என்னைக் கேட்டால், இது முதலில் பெண்கள் ஆண்ட இடம். அந்தக் கண்ணோடு போனால் சுவருக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். போகத் திட்டமிடும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எப்படிப் போய்ச் சேர்வது?

மாட்ரிட்டிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் புர்கோஸ் போகலாம். 2022-இல் அதிவேக ரயில் வந்த பிறகு பயணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து டவுன் பஸ் அல்லது டாக்ஸி பிடிக்க வேண்டும். பஸ் நிலையமோ ஊர் நடுவிலேயே இருக்கிறது.

பேராலயத்திலிருந்து மடம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். அர்லான்சோன் ஆற்றங்கரை மர நிழலில் நடந்தே போய்விடலாம், அரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும். இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறைக்குக் கால்நடையாகப் போகும் திருப்பயணிகளின் பாதையும் இந்தப் பக்கமாகத்தான் போகிறது. முதுகில் பையும் கையில் கோலுமாக அவர்கள் நடந்து போவதை வழியில் பார்க்கலாம்.

உள்ளே இன்னும் கன்னியர் வாழ்கிறார்களா? அவர்களைப் பார்க்க முடியுமா?

வாழ்கிறார்கள். கட்டடத்தை ஸ்பெயின் அரசின் தேசியப் பாரம்பரிய நிறுவனம் பராமரிக்கிறது. நுழைவுச்சீட்டு கொடுப்பதும் சுற்றிக் காட்டுவதும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். கன்னியர் வாழும் பகுதி தனி. அவர்கள் வெளியுலகோடு கலக்காத அடைப்பு மடத்து வாழ்க்கை வாழ்கிறவர்கள் என்பதால், பார்வையாளர்கள் நடுவே வந்து பேசமாட்டார்கள். பூட்டிய கதவுகளைத் தாண்டி எட்டிப் பார்க்க முயல வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பது அவர்களுடைய வீடு.

அவர்களைக் காண ஒரே முறையான வழி, கோயிலில் வழிபாட்டு நேரத்தில் போய் உட்காருவதுதான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

யார் கட்டியது? எதற்காக?

இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதியாக இருந்த காஸ்தீல் நாட்டின் அரசர் எட்டாம் அல்ஃபோன்சோவும் அவருடைய அரசி லியோனோரும். லியோனோர் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள். தாய் அக்விட்டேனின் எலினோர். ஃபோன்தெவ்ரோ என்ற பிரெஞ்சு மடம் லியோனோரின் பிறந்த வீட்டோடு நெருங்கிய உறவுடையது. அங்கே ஆண் துறவிகளும் பெண் தலைவிக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தார்கள். பெண்ணின் தலைமையில் ஒரு பெரிய மடம் என்ற எண்ணம் அரசியிடமிருந்து வந்திருக்கும் என்று பல வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

முதல் கன்னியர் நவார் நாட்டின் துலேப்ராஸ் மடத்திலிருந்து வந்தார்கள். முதல் தலைவியின் பெயர் மிசோல். 1199-இல் அரசர் இதையே தம் குடும்பத்தின் அடக்க இடமாகவும் அறிவித்தார். 1214 அக்டோபரில் அவர் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் லியோனோரும் போய்விட்டார். இருவரும் இங்கேதான் அருகருகே இருக்கிறார்கள்.

சிஸ்டர்சியன் சபை என்றால் எளிமை என்பார்களே. இது அரண்மனை போல இருக்கிறதே?

நியாயமான கேள்வி. 1098-இல் பிரான்சின் சித்தோ என்ற இடத்தில் சபை தொடங்கியதே, துறவிகளுக்காகப் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கை விட்டுக்கொடுக்காமல் வாழ வேண்டும் என்பதற்காகத்தான். உழைப்பு, செபம், அலங்காரமற்ற கோயில், சாயம் போடாத கம்பளி உடை. அந்த எளிமையை இங்கேயும் பார்க்கலாம். கோயிலின் கல் சுவர்களில் சிற்பக் கூட்டம் கிடையாது. உயரமும் வெளிச்சமும் மட்டும்தான். அதன்மேல் அரச குடும்பத்தின் செல்வம் வந்து படிந்திருக்கிறது. அரசர் மகள்கள் கன்னியராகச் சேர்ந்தார்கள். அவர்களோடு நிலமும் கிராமமும் வந்தன. இந்த இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் இருப்பதுதான் இந்த இடத்தின் சுவை.

மடத் தலைவிக்கு ஆயருக்கு (பிஷப்புக்கு) நிகரான அதிகாரம் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த மடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொண்டு போக வேண்டுமென்றால் அது இதுதான்.

லாஸ் உவெல்காஸின் தலைவி எந்த ஆயரின் மறைமாவட்டத்துக்கும் கட்டுப்பட்டவராக இருக்கவில்லை. புர்கோஸ் ஆயருக்கு இந்தச் சுவருக்குள் அதிகாரம் இருக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் தலைவியின் ஆட்சியில் இருந்தன. வரி, வழக்கு, தண்டனை எல்லாம் அவர் பெயரில்தான். அந்த எல்லைக்குள் ஒரு குருவானவர் பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிடுவதை, கேட்கவோ பிரசங்கம் வைக்கவோ வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் இந்தப் பெண். காஸ்தீல், லியோன் நாடுகளின் சிஸ்டர்சியன் கன்னியர் மடங்களுக்கு இது தாய்மடம். அந்தத் தலைவிகள் பொதுக்கூட்டத்துக்கு இங்கே வந்தார்கள். திருப்பயணிகளுக்காக அரசர் கட்டிய மருத்துவமனையையும் அதில் பணி செய்த ஆண் துறவிகளையும்கூடத் தலைவியே மேற்பார்த்தார்.

1210-இல் திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னொசென்ட் ஒரு கடிதம் எழுதினார். புர்கோஸ், பலென்சியா மறைமாவட்டங்களில் மடத் தலைவிகள் தங்கள் கன்னியருக்கு ஆசி வழங்குவதாகவும், அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதாகவும், நற்செய்தி வாசித்துப் பிரசங்கிப்பதாகவும் கேள்விப்பட்டதைச் சொல்லி, அதைத் தடுக்கும்படி ஆணையிட்டார். கடிதத்தில் எந்த மடத்தின் பெயரும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியிலேயே வலிமையான தலைவி யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனம் நின்றிருக்கலாம், ஆட்சி அதிகாரம் நிற்கவில்லை. 1873-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ஸ்பெயினில் இப்படிப்பட்ட தனி அதிகாரங்களை நீக்கும்வரை, அதாவது அறுநூறு ஆண்டுகளுக்கு மேல், அது நீடித்தது.

தலைவிகளில் எனக்கு மறக்க முடியாதவர் ஆஸ்திரியாவின் அன்னா. லெப்பாந்தோ கடற்போரில் வென்ற யுவான் தே ஆஸ்திரியாவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். சின்ன வயதிலேயே மத்ரிகால் என்ற ஊரின் மடத்தில் சேர்க்கப்பட்டவர். அங்கே ஒரு பலகாரக் கடைக்காரர், போரில் மாண்ட போர்த்துகல் அரசர் செபாஸ்தியான் தாமே என்று சொல்லிக்கொண்டு வந்தார். அன்னா நம்பிவிட்டார், அவரை மணக்கவும் இசைந்தார். சதி வெளிப்பட்டு அந்த மனிதர் 1595-இல் தூக்கிலிடப்பட்டார். அன்னாவை வேறொரு மடத்துக்கு அனுப்பித் தனிமையில் அடைத்தார்கள். அதே பெண் 1611-இல் லாஸ் உவெல்காஸின் தலைவியானார். 1629-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் மற்றத் தலைவிகளுக்குப் பதவி மூன்றாண்டுதான். இவருக்கு மட்டும் ஆயுள் முழுக்க.

சுற்றிப் பார்ப்பது எப்படி நடக்கும்?

தனியாக உலாவ முடியாது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். விளக்கம் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முன்பே கொஞ்சம் படித்துக்கொண்டு போனால் போதும். இந்தப் பதில்களை எழுதியதே அதற்குத்தான்.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் நீண்ட இடைவேளை உண்டு. ஞாயிறு பிற்பகலில் திறப்பதில்லை. காலையில் முதல் குழுவோடு போவது நல்லது. கூட்டம் குறைவு, கோயிலுக்குள் வெளிச்சமும் நன்றாக இருக்கும். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் தவறவிடக் கூடாதது எது?

கோயில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பீடமும் அதன் முன்னுள்ள குறுக்குக் கூடமும் மக்களுக்கு; நீண்ட நடுக்கூடம் முழுக்கக் கன்னியருக்கு. நடுவே சுவர். வெளியிலிருந்து வந்து நிற்கிறவர் கோயிலின் பெரும்பகுதியைப் பார்க்கவே முடியாது. வழிகாட்டியோடு அந்தச் சுவருக்குப் பின்னால் போகும்போதுதான் அளவு புரியும்.

அந்தச் சுவரில் பொன்முலாம் பூசிய இரும்புப் பிரசங்கமேடை ஒன்று இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் செய்தது. அச்சில் சுழலும். பிரசங்கம் வைப்பவர் ஏறி நின்று கன்னியர் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், மக்கள் பக்கமும் திரும்பிக்கொள்ளலாம். மடத்தின் அடைப்பு விதியை மீறாமல் இரண்டு கூட்டத்துக்கும் பேச ஒரு கொல்லர் கண்ட வழி.

நடுக்கூடத்தின் மையத்தில் அல்ஃபோன்சோ, லியோனோர் இருவரின் கல்பேழைகள், சிங்கங்களின் முதுகில் அமர்ந்திருக்கின்றன. அவர் பேழையில் காஸ்தீலின் கோட்டைச் சின்னம். அரசியினுடையதில் இங்கிலாந்து அரச குலத்தின் சிறுத்தைகள். பேழையின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அரசர் பேழையின் முனைப் பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அரியணையில் இருக்கும் அரசர், மடத்தின் தொடக்கப் பத்திரத்தைக் கன்னியரிடம் நீட்டுகிறார். போரில் வென்ற அரசருக்குப் போர்க்காட்சி செதுக்கியிருக்கலாம். ஒரு பெண்ணிடம் பத்திரம் கைமாறும் நொடியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நாள்தோறும் அமர்ந்து செபித்தவர்கள் கண்முன் எது இருக்க வேண்டும் என்பதை யோசித்துச் செய்த வேலை அது.

அவர்களுடைய மகள் பெரெங்கேலா அரசியும் இங்கேதான். தமக்கு அலங்காரம் இல்லாத பேழையே போதும் என்று கேட்டவர் அவர்.

கன்னியர் மடத்தில் அரபு எழுத்தும் மயில் உருவமும் எப்படி வந்தன?

பலரும் வாயடைத்து நிற்பது இந்த இடத்தில்தான். புனித ஃபெர்னாந்தோ முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். வளைகூரையில் சுண்ணச்சாந்து வேலைப்பாட்டின் மிச்சங்கள் இருக்கின்றன. வட்டங்களுக்குள் மயில்கள், பின்னிப் பிணைந்த கொடிகள், ஓரங்களில் அரபு எழுத்து. கொஞ்சம் தள்ளி விண்ணேற்பு அன்னையின் சிற்றாலயம் தெற்கே அல்மோகாத் என்ற இஸ்லாமிய அரச மரபின் ஆட்சியில் இருந்த கட்டடங்களின் பாணியில், பல இதழ் வளைவுகளோடு நிற்கிறது.

அல்மோகாத் படைகளை 1212-இல் நாவாஸ் தே தொலோசா என்ற இடத்தில் தோற்கடித்தவர் இதே அல்ஃபோன்சோதான். அவர்களுடைய கலைஞர்களின் கைவண்ணம் அவர் கட்டிய மடத்திலேயே இருக்கிறது. எதிரியின் கலை என்று அன்றைய ஆட்கள் இதை நினைக்கவில்லை. நாட்டிலேயே உயர்ந்த வேலைப்பாடு எதுவோ அதைச் செய்யத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் செய்ய வைத்தார்கள். பெரெங்கேலா அரசியின் கல்லறையிலிருந்து எடுத்த சிவப்புப் பட்டுத் தலையணையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நடுவட்டத்தில் இசைக்கும் ஓர் உருவமும் கையில் கிண்ணத்தோடு இன்னோர் உருவமும். சுற்றிலும் அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்ற அரபு வாசகம். ஒரு கத்தோலிக்க அரசியின் தலை அதன்மேல் எழுநூறு ஆண்டுகள் இருந்தது.

துணி அருங்காட்சியகம் என்று தனியாக ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இடைக்கால அரச உடைகள் இவ்வளவு முழுமையாகக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு.

1808-இல் நெப்போலியனின் வீரர்கள் மடத்துக்குள் புகுந்து கல்பேழைகளை உடைத்துக் கொள்ளையடித்தார்கள். ஒன்று மட்டும் தப்பியது. வேறொரு பேழைக்குப் பின்னால் மறைந்திருந்த ஃபெர்னாந்தோ தே லா செர்தாவின் பேழை. பிற்காலத்துக் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் மூத்த மகன், அரியணைக்கு வர வேண்டியவர். 1275-இல், இருபது வயதுகூட ஆகாத நிலையில் இறந்துபோனார். 1940-களில் மனுவேல் கோமெஸ் மொரேனோ தலைமையில் கல்லறைகளைத் திறந்து ஆராய்ந்தபோது, அந்த இளைஞர் அடக்கம் செய்யப்பட்ட கோலத்திலேயே உடைகள் இருந்தன.

கண்ணாடிக்குப் பின்னால் அந்த உடையின் மூன்று அடுக்கையும் பார்க்கலாம்: உள்ளே நீண்ட அங்கி, அதன்மேல் கையில்லாத மேலங்கி, அப்புறம் மேற்போர்வை. எல்லாவற்றிலும் காஸ்தீல், லியோன் நாடுகளின் சின்னங்களான கோட்டையும் சிங்கமும் மாறி மாறி நெய்யப்பட்டிருக்கின்றன. மேலங்கியின் கைத்துளை தோளில் தொடங்கி இடுப்பு வரை இறங்குகிறது. உள் அங்கியின் பட்டு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டியிருக்கிறார்கள். தொப்பியில் முத்தும் பவளமும் கோத்துச் சின்னங்களை நிரப்பியிருக்கிறார்கள். எந்த மணி உதிர்ந்திருக்கிறது, எங்கே நூல் தெரிகிறது என்பது வரை பார்க்க முடியும். அந்தத் தையல் வேலையைக் கிட்டே நின்று பார்க்காமல் கடந்து போகாதீர்கள்.

முதலாம் என்ரிக்கேயின் உடைமைகளும் இங்கே உண்டு. சிறுவனாகவே அரசரானவர், 1217-இல் விளையாடும்போது கூரை ஓடு தலையில் விழுந்து, பதின்மூன்று வயதில் இறந்தார். கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டில் அறுவை செய்த துளை இருந்தது. காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

நாவாஸ் போரின் கொடி இங்கே இருக்கிறதா? அது அசல்தானா?

பெரிய அழகான நெசவுத்துணி ஒன்று இருக்கிறது. நடுவே எட்டுமுனை விண்மீன், சுற்றிலும் அரபு வாசகங்கள். 1212 போரில் அல்மோகாத் தலைவரின் கூடாரத்திலிருந்து கைப்பற்றியது என்று மரபு சொல்கிறது. அதற்குப் பிற்பட்டதாக, வேறு வழியில் வந்ததாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கருத்தே சரியென்று தோன்றுகிறது. அதனால் துணியின் மதிப்பு குறைந்துவிடாது.

கோர்ப்புஸ் என்ற நற்கருணைப் பெருவிழாவை ஒட்டிய வெள்ளிக்கிழமை, அந்தக் கொடியின் நகலோடு மடத்தைச் சுற்றிப் பவனி போகும். குர்பியோஸ் என்று பெயர். பிறகு பக்கத்து எல் பர்ரால் பூங்காவில் ஊரே கூடிச் சாப்பிடும். அந்த நாளில் போக முடிந்தால் கொடுத்துவைத்தவர்கள்.

ஒரு சிலை அரசர்களுக்கு வீரப்பட்டம் கொடுத்தது என்பது கதையா?

சிலை உண்மை. சந்தியாகப்பரின் மரச்சிலை, வலக்கை மூட்டில் அசையும், கையில் வாள் உண்டு. காஸ்தீல் அரசர் தமக்கு மேலான எந்த மனிதர் கையாலும் வீரப்பட்டம் பெறக் கூடாது என்பதால் இந்தச் சிலையின் கையை அசைத்து வாளைத் தோளில் பட வைத்தார்கள் என்பது மரபு. எந்தெந்த அரசருக்கு இப்படி நடந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெரெங்கேலாவின் மகனான அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ 1219-இல் இந்த மடத்தில்தான் வீரரானார். பீடத்திலிருந்த வாளைத் தாமே எடுத்துக் கட்டிக்கொண்டார். பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான முதலாம் எட்வர்டு 1254-இல் இங்கே வீரப்பட்டம் பெற்றார். கொடுத்தவர் பத்தாம் அல்ஃபோன்சோ.

இசை படிக்கிறவர்கள் இந்த மடத்தின் பெயரைச் சொல்வது ஏன்?

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு பாட்டுச் சுவடி இங்கே இருக்கிறது. 180-க்கும் மேற்பட்ட பாடல்கள். பெரும்பகுதி இரண்டு, மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் பாடுபவை. 1904-இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. கன்னியர் இப்படிப் பல குரலில் பாடுவதைச் சபை விரும்பவில்லை. ஆனால் சுவடியில் சுரப் பயிற்சிப் பாட்டே ஒன்று இருக்கிறது, அதுவும் கன்னியரை அழைத்துப் பாடச் சொல்கிற மாதிரி. மறைந்த தலைவி ஒருவருக்காகப் பாடிய இரங்கற்பாவும் உண்டு. இந்தச் சுவடியிலிருந்து பதிவான பாடல்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. போவதற்கு முந்தின இரவு சிலவற்றைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வழிபாட்டில் கலந்துகொள்ளலாமா? கிறிஸ்தவர் அல்லாதவர் போகலாமா?

தாராளமாக. திருப்பலியும், மாலைப்புகழ் என்ற கன்னியரின் மாலைச் செபமும் சுற்றுலாவோடு சேர்ந்தவை அல்ல; சீட்டு வேண்டாம். நேரத்தை வாசலருகே விசாரித்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, முடியும்வரை இருங்கள். நடுவில் எழுந்து போவது அங்கே மிகவும் தெரியும். எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும், திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையை வாங்க வரிசையில் போகாதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, அணைத்து வைத்த செல்போன்.

திருப்பாடல்களைக் கன்னியர் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒரு வரியை ஒரு பக்கம் சொல்ல அடுத்த வரியை மறுபக்கம் எடுத்துச் சொல்லும் முறை பல நூற்றாண்டுப் பழக்கம். பகலில் பார்த்த கல்பேழையும் சுவரும் எதற்காக இருக்கின்றன என்பது அப்போதுதான் புரிகிறது. நேரம் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

படம் எடுக்கலாமா?

உள்ளே கூடாது. வெளிமுற்றத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

குளிர் எப்படி? வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

புர்கோஸ் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆகஸ்டிலும் சாயங்காலம் ஸ்வெட்டர் தேவைப்படும். கல் கட்டடத்துக்குள் நண்பகலிலும் சில்லென்று இருக்கும். ஒரு மணி நேரம் நின்றும் நடந்தும் பார்க்க வேண்டும், தரை சில இடங்களில் மேடுபள்ளம். முட்டிவலி உள்ளவர்கள் சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஊரின் பெருமை மோர்சியா என்ற, அரிசி சேர்த்த பன்றி ரத்தக் குடல்பண்டம். கறுப்பாகத் தட்டில் வரும், தெரியாமல் கேட்டுவிடாதீர்கள். அதே ஊரின் புதுப் பாலாடைக்கட்டி வெள்ளையாக, மிருதுவாக, உப்புக் குறைவாக இருக்கும். தேனும் வால்நட் பருப்பும் சேர்த்துத் தருவார்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு தொர்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் உண்டு.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

தலைவியின் ஆட்சியில் இருந்த அந்த மருத்துவமனை, ஓஸ்பித்தால் தெல் ரேய், நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. இப்போது புர்கோஸ் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி. திருப்பயணிகளைச் செதுக்கிய மரக்கதவை அங்கே பாருங்கள்: ஒரு தாய் நடந்தபடியே குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். ஊரின் மறுகோடியில் மிராஃப்ளோரஸ் மடம், கார்த்தூசியன் சபை ஆண் துறவிகளுடையது. இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். காலையில் லாஸ் உவெல்காஸ், மதியம் மருத்துவமனை, சாயங்காலம் மாலைப்புகழுக்கு மடத்துக்கே திரும்புங்கள். மிராஃப்ளோரஸை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.